சுப்பம்மாள் இல்லாத வம்சாவளி

அத்தியாயம் 17

பிச்சை சாயாவை ஊதி ஊதிக் குடித்தார். அந்த ஊதலில்கூட அப்பாவின் சாயல் இருந்தது.

மாயம்மாள் அடுப்படி வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடங்கிய காது நுனி. இடது தோளை இறக்கி உட்காரும் தோரணை. வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்த பேச்சைத் தொடங்கும் அவசரம். மலேயாவில், பத்து ஆராங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்துக் கூலி லயத்தில், காய்ச்சலோடு படுத்து எழுந்திருக்காமலே போன அப்பா ராக்கப்பன்தான் வயது மட்டும் ஏறி மட்டாஞ்சேரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றியது.

நேற்று மாலை தம்பி ராமரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் படகுத்துறையில் இறங்கினார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஒரு மனிதரை 'சித்தப்பா' என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு அழுதாள்.

அம்மா சுப்பம்மாள் அவரை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுப்படிக்குள் போனவள்தான்.

"காலையிலயே கெழங்கு திம்பீகளாத்தா இங்க?" தட்டிலிருந்த கப்பையைப் பிச்சை புரட்டிப் பார்த்தார்.

"இங்க இதுதான் சித்தப்பா. மீன் குழம்பு ஊத்திக்கோங்க."

"ஊத்து, ஊத்து. ருசியாத்தேன் இருக்கு."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. இன்று பகல் எர்ணாகுளத்து ஆபீஸில் கடைசி விசாரணை. ராக்கப்பன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்று இன்றைக்குக் காட்டாவிட்டால் இந்த வீட்டில் இருக்கிற நாலு பேரும் அந்நியர்கள். வேலை பெர்மிட் இல்லை என்று மலேயா கப்பலேற்றிவிட்டது 1970-ல். அது இனிமேல் திரும்ப எடுத்துக்கொள்ளாது. வந்து ஒன்பது வருடம் ஆன பிறகும் இந்தியா 'உங்கள் அப்பன் யார்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ராமர் இத்தனை நாளும் அலைந்தான். சுரங்கம் எப்போதோ மூடிப்போயிருந்தது. அதன் காகிதங்கள் போன இடம் தெரியவில்லை என்று பதில் வந்தது. பிறப்புப் பதிவுகள் ஜப்பான்காரன் காலத்தில் தொலைந்திருந்தன. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவன் மெட்ராஸுக்குப் போனான். அந்தக் காலத்தில் கப்பலேறிய கூலிகளின் பட்டியல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். கடைசியில் ஒரே ஒரு வரி அகப்பட்டது. 'ராக்கப்பன், தகப்பன் பெயர் மாயாண்டி, கிராமம் ஓடைப்புளியம்பட்டி, மதுரை ஜில்லா.'

அப்பா உயிரோடு இருந்தவரை 'மதுரைப் பக்கம்' என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ராமர் ஓடைப்புளியம்பட்டிக்குக் கடிதம் எழுதினான். அதன் பலனாக வந்து உட்கார்ந்திருப்பவர்தான் பிச்சை.

அவர் கை கழுவி வந்து, மஞ்சள் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"ஊர்க் கர்ணம் கையெழுத்து, சீலு, பங்காளிக ரேகை, எல்லாம் இருக்கு. ஒங்க வம்சாவளி."

மாயம்மாளின் மகள் பாக்கியலக்ஷ்மி எட்டி வாங்கிக்கொண்டாள். சிறுபிள்ளையாகக் கப்பலில் வந்து, கொச்சிப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவள். மலையாளம் ஓடும். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவித்தான் வாசிப்பாள்.

"நான் வாசிக்கறேன் மாமா."

"வேண்டாம், இங்க குடு." ராமர் அவசரமாகக் கையை நீட்டினான். "நேரம் போயி. படகு கிட்டாது."

"ஒரு மினிட்டு மாமா. நம்ம தாத்தா பேரெல்லாம் நான் பார்க்க வேண்டாமா?"

அவள் கதவோரம் வெளிச்சத்தில் நின்று, விரலை வைத்து வாசித்தாள். "மா...யாண்டி. இவருக்கு மக்கள் இருவர். மூத்தவர் ராக்கப்பன். இளையவர் பிச்சை."

பிச்சை தன் பெயரைக் கேட்டதும் பெருமையோடு தலையாட்டினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மாவும் கேட்கிறாள் என்று மாயம்மாளுக்குத் தெரிந்தது.

"ராக்கப்பன் மனைவி..." பாக்கியத்தின் விரல் நகர்ந்தது. "ஒ... ஒச்... ஒச்சம்மாள்."

தப்பாக வாசித்துவிட்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள்.

"ஒச்சம்மாளா? 'சு' எங்க இருக்கு?"

அவள் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

"இவர்களுக்கு மக்கள் மாயம்மாள், ராமர்." வாசித்து முடித்து நிமிர்ந்தாள். "அம்மாச்சி பேரு இல்லையே மாமா. எழுத மறந்து போயாச்சா?"

மாயம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ராமரு. இது ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்பலேருந்து?"

அவன் பதில் சொல்வதற்குள் பிச்சை குறுக்கே புகுந்தார்.

"அவனை வையாதத்தா. மறதியும் இல்ல. நாங்க தெரிஞ்சு எழுதினதுதேன்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "எங்கண்ணன் கட்டுன பொண்டாட்டி ஒச்சம்மா மதினி. அப்ப எங்க ஊர்ல கைரேகைச் சட்டம். பொழுது சாஞ்சா ஆம்பளைக அம்புட்டுப் பேரும் போலீஸ் டேசனுக்குப் போயி, ரேகை வச்சிட்டு, அங்கனயே படுத்துக் கெடக்கணும். களவாண்டவனும் ஒண்ணுதேன், களவாங்காதவனும் ஒண்ணுதேன். கல்யாணம் முடிச்சு எங்கண்ணன் ஒரு ராத்திரி வீட்டுல நிம்மதியாப் படுத்ததில்ல. கங்காணி வந்து, கரி வெட்ட ஆள் எடுக்கான்னு காதுல விழுந்ததும், போயி நிமிந்துட்டு வந்து ஒன்னையக் கூட்டிக்கிறேன்னு மதினிகிட்டச் சொல்லிட்டுக் கெளம்பிருச்சு."

"அப்புறம்?" பாக்கியம் கேட்டாள்.

"அப்புறம் என்னத்தா, போனதுதேன். எங்க ஆளுகள்ல அத்து விட்டுட்டு வேற கட்டிக்கிறது உண்டு. மதினியோட அண்ணந்தம்பிக எத்தனையோ தடவ கூப்பிட்டுப் பாத்தாக. வரல. எங்க ஆத்தா சின்னதுலயே செத்துப்போச்சு. என்னையத் தூக்கி வளத்தது அதுதேன். கப்பல்காரன் பொண்டாட்டின்னு ஊரே கூப்பிடும். வெள்ளிக்கெழம தவறாம மஞ்சப் பூசிக் குளிச்சு, நெத்தி நெறையப் பொட்டு வச்சிக்கிரும்."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருசம் ராமரு கடுதாசி வந்துச்சு. அண்ணன் செத்து எத்தனையோ காலம் ஆச்சுன்னு அதுல எழுதியிருந்துச்சு. கெழவிக்கு அன்னைக்குத் தாலி அறுத்தோம்."

ராமர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அழுகல. பிள்ளைக இருக்காமே, எம்புட்டு ஒசரம்னு கேட்டுச்சு. கருப்பா செவப்பான்னு கேட்டுச்சு. நான் என்னத்தக் கண்டேன்? அதோட படுத்திருச்சு. போறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'பிச்ச, அதுகள எம் பேர்ல எழுதிரு, நான் மலடின்னு போகக் கூடாது'ன்னுச்சு. சரின்னுட்டேன். கர்ணமும் மதினிக்கு அண்ணன் மகன். வேற பேரு எழுதுனா கையெழுத்தே கெடையாதுன்னுட்டாரு."

மாயம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. முகம் தெரியாத ஒரு பெண், தன்னைக் கருப்பா சிவப்பா என்று விசாரித்துவிட்டுச் செத்திருக்கிறாள். அவளை என்ன சொல்ல முடியும்?

"எங்கம்மா உள்ள இருக்கா சித்தப்பா," என்றாள். "உசிரோட இருக்கா. கரிப் பள்ளத்துல கூடை சுமந்து சுமந்து முதுகு இன்னும் நிமிரல. அப்பாவைக் கடைசி வரைக்கும் தூக்கி உட்கார வச்சுக் கஞ்சி குடுத்தவ. அவ பேரை எடுத்துட்டு நான் எப்படிப் போய் நிக்கிறது?"

"எடுக்காம என்ன செய்யச் சொல்ற?" ராமர் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "அம்மாவுக்கு ஊர் எதுன்னு ஒரு துண்டுக் காகிதம் உண்டா? தவழ்ற வயசுல மலேயாவுக்கு, கித்தா ரப்பர் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் அங்கேயே போயாச்சு. அவங்க பேருகூட அம்மாவுக்குத் தெரியாது. நான் கேக்காத ஆபீஸ் இல்லக்கா, எழுதாத இடம் இல்ல. இது ஒண்ணுதான் கிட்டியது. இதையும் விட்டா எனக்கு ஹார்பர்ல வேலை போகும், பாக்கியத்துக்கு ஒரு வேலை கிட்டாது. எங்க போவோம் நாம? கடல்லயா?"

"அதுக்காக..."

"அவ பேரே இருக்கட்டும்."

சுப்பம்மாள் அடுப்படி வாசலில் நின்றாள். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அம்மா, நீ உள்ள போ," என்றாள் மாயம்மாள்.

"எனக்குத் தெரியும்." அவள் பிச்சையைப் பார்க்காமலே அவரிடம் சொன்னாள். "ஊர்ல ஒருத்தி இருக்கான்னு மொத நாளே சொல்லிட்டுத்தான் என்னைச் சேத்துக்கிட்டாரு. ஒவ்வொரு தீபாவளிக்கும் கேப்பேன், ஊருக்கு எழுதினீங்களான்னு. எழுதினேன்னு சொல்லுவாரு. எழுதலைன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல நானும் கேக்கல. துருவிக் கேட்டா புறப்பட்டுப் போயிடுவாரோன்னு பயம்."

பிச்சையின் தலை இன்னும் குனிந்தது.

"அவளுக்கு எதுவும் கிடைக்கல. பேராவது கிடைக்கட்டும். காகிதத்துல இல்லேன்னா நான் இல்லாமப் போயிருவேனா?" சுப்பம்மாள் மகளிடம் வந்தாள். "என்னைப் பத்தி ஏதும் கேட்டா, கூட வந்த கிழவின்னு சொல்லு. கப்பல்ல பழக்கம், நாதியில்லாம நின்னா, சேத்துக்கிட்டோம்னு சொல்லு. சரியா?"

அடுப்படிக்குள் நின்றே அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்துவிட்டாள்.

சுப்பம்மாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பிச்சையின் முன்னால் நீட்டினாள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

*

படகில் கூட்டம் இல்லை. வெலிங்டன் தீவை ஒட்டிப் போகும்போது ஒரு கப்பலிலிருந்து உர மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ராமர் தன்னோடு வேலை பார்க்கிற யாரையோ பார்த்துக் கைகாட்டவும் மறந்து உட்கார்ந்திருந்தான்.

"எங்கண்ணன் ஏறுன கப்பலு இம்புட்டு இருக்குமா?" என்று பிச்சை கேட்டார். பிறகு அவரே, "இருக்கும்" என்று சொல்லிக்கொண்டார்.

மாயம்மாள் மனதுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஒச்சம்மாள். என் அம்மா பெயர் ஒச்சம்மாள். சொல்லும்போதெல்லாம் லயத்து வாசல்தான் கண்ணுக்குள் வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் முன் அம்மா முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, அவளுடைய காதுக்குள் விட்டுக் கரித்தூளைத் துடைத்தெடுப்பாள். கூச்சத்தில் மாயம்மாள் நெளிவாள். "நில்லுடி, வாத்தியார் காதைப் பிடிச்சா அவர் கை கருத்துப்போகும்" என்பாள் அம்மா.

பாக்கியம் அவள் விரல்களைப் பற்றிக்கொண்டாள். கிடங்கு வேலையில், சுக்குக்குப் பூசும் சுண்ணாம்பு அரித்து வெடித்த விரல்கள். "அம்மா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

மாயம்மாள் மகளைப் பார்த்தாள். பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் 'நீ எந்த நாட்டுக்காரி' என்ற கேள்வியிலேயே திரும்பி வருகிறவள்.

"சும்மா இரு," என்றாள்.

*

விசாரணை அதிகாரி சிவராமகிருஷ்ணன் பாலக்காட்டுக்காரர். இவர்களோடு தமிழிலேயே பேசுவார். போன தடவைகளில் இவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பும்போதெல்லாம் அவருக்கே சங்கடமாக இருந்திருக்கிறது.

"ஒக்காருங்கோ, ஒக்காருங்கோ." வம்சாவளியைப் படித்துவிட்டு அவர் முகம் மலர்ந்தது. மெட்ராஸிலிருந்து ராமர் வாங்கி வந்த நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "மாயாண்டி, ராக்கப்பன். ஊர்ப் பேரும் சரியா இருக்கு. இத்தனை நாள் அலைஞ்சதுக்குக் கெடைச்சுட்டுதே ராமர்!"

"ஆமா சாரே."

"இவர் உங்க அப்பாவோட தம்பி?"

"ஆமாங்கய்யா," பிச்சை எழுந்து நின்றார்.

"இருங்கோ, இருங்கோ." பேனாவைத் திறந்துகொண்டு மாயம்மாள் பக்கம் திரும்பினார். "மூத்தவா நீங்கதானே? வாக்குமூலம் உங்ககிட்ட எடுத்துக்கறேன். அப்பா பேரு?"

"ராக்கப்பன்."

"அம்மா பேரு?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மாயம்மாள் வாயைத் திறந்தாள். வாய் பழகிய பெயர்தான் முதலில் நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"ஒச்சம்மாள்."

"இருக்காளா?"

"இல்ல சார். போன வருஷம் ஊர்ல செத்துட்டாங்க."

"மலேயாவிலேருந்து முன்னாடியே வந்துட்டாளோ?"

"ஜப்பான் சண்டை முடிஞ்சதும் வந்திருச்சுங்கய்யா," என்று பிச்சை முந்திக்கொண்டு சொன்னார். அவர் குரல் நடுங்கியது. பெரியவரின் துக்கம் என்று அதிகாரி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, மேலே கேட்கவில்லை.

எழுதினார். வாசித்துக் காட்டினார். மாயம்மாள் கையெழுத்துப் போட்டாள். ராமர் போட்டான். பாக்கியம் போட்டாள். பிச்சை பெருவிரலை மையில் அழுத்தும்போது ஒரு நொடி தயங்கினார். பிறகு வைத்தார்.

"இனி இதை மேலே அனுப்பிடுவேன். பயப்பட ஒண்ணுமில்லை. இது நிக்கும்." சிவராமகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்தார். ராமர் இரண்டு கையையும் குவித்தான். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று அவன் முகத்தில் வந்தது.

அதிகாரி கோப்பை மூடப் போனவர், அடுத்த பக்கத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"நாலு பேர்னா மனு குடுத்திருக்கேள். நாலாவது சுப்பம்மாள்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ராக்கப்பனோட மனைவின்னு போட்டிருக்கு."

ராமரின் கை குவிந்தபடியே நின்றது.

"மனைவி ஒச்சம்மாள்னு இப்போதானே எழுதினேன். அப்போ இவா யாரு?"

மாயம்மாள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். பிச்சை மை அப்பிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் மட்டும் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மாயம்மாள் மேஜையைப் பார்த்தாள். அதிகாரியின் உள்ளங்கைக்குக் கீழே மகளின் கையெழுத்து இன்னும் காயாமல் இருந்தது.

"கூட வந்தவங்க சார்."

"சொந்தம்?"

"கப்பல்ல பழக்கம். நாதியில்லாம நின்னாங்க. சேத்துக்கிட்டோம்."

"அப்போ மனைவின்னு எழுதினது?"

"தெரியாம எழுதிட்டது சாரே," என்றான் ராமர், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஆக, ரத்த சொந்தம், கல்யாண சொந்தம், ஒண்ணும் இல்லை?"

"இல்ல," என்றாள் மாயம்மாள்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ இன்னொரு தாளை எடுத்து, பேரையும் விலாசத்தையும் நிரப்பத் தொடங்கினார்.

"இவாளை இந்த ஃபைல்ல வைக்க முடியாதே. ராக்கப்பன் மனைவிங்கற ஒரே காரணத்துலதான் இவா மனு நின்னிண்டிருந்தது. இனி இவா தனி. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல வரணும். தன் பூர்வீகத்துக்குத் தானே ஆதாரம் கொண்டுவரணும். இல்லேன்னா நாட்டை விட்டு அனுப்பற உத்தரவுக்குத்தான் எழுத வேண்டி வரும்."

"சாரே!" ராமர் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "வயசான ஸ்திரீயாணு. நடக்கக்கூட... எங்க போவாங்க சாரே?"

"நான் என்ன செய்யட்டும்? நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்." அவர் மனுதாரர்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டது போல் அவர் குரல் தாழ்ந்தது. "ராமர், கேட்டுக்கோங்கோ. இனிமே இதை மாத்தி எழுதினா, மூணு பேரும் சொன்னது பொய்னு ஆகும். அப்புறம் யார் ஃபைலும் நிக்காது. யோசிச்சுப் பேசுங்கோ."

மாயம்மாள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள்.

*

வெளியே மரத்தடியில் பிச்சை உட்கார்ந்துவிட்டார்.

"சித்தப்பா," மாயம்மாள் அவர் முன்னால் குந்தினாள். "இளைய தாரம் சுப்பம்மாள்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி. கர்ணத்துகிட்டக் கேக்க முடியாதா?"

"போட மாட்டாருத்தா. போட்டாலும்... அந்த ஐயாதேன் சொல்லிட்டாரே. மூணும் சேந்து விழுந்துரும்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செத்தவளுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாத்துறோம்னுதேன் நெனச்சேன். இருக்கிறவள இப்படித் தெருவுல நிறுத்தும்னு தெரியாதே. நான் போயி என் மதினி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

எந்த மதினியைச் சொல்கிறார் என்று மாயம்மாளுக்கு முதலில் புரியவில்லை. அம்மாவைத்தான் என்று புரிந்ததும், அந்த முறையை உள்ளே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. உள்ளே அவளும்தான் சொல்லவில்லை.

"அம்மாவ யாரு கேக்கப் போறாங்கன்னு நெனச்சேன்க்கா," ராமர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "கிழவிய யாரு கேக்கப் போறாங்கன்னு..."

"சித்தப்பாவ பஸ் ஏத்திவிட்டுட்டு வா," என்றாள் மாயம்மாள். அவனோடு ஒரே படகில் திரும்ப அவளுக்குத் தெம்பில்லை.

*

மட்டாஞ்சேரியில் இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கிடங்குகளிலிருந்து பெண்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். யாரோ, "மாயம்மா, காரியம் நடந்ததா?" என்று கேட்டார்கள். அவள் தலையாட்டினாள்.

சுப்பம்மாள் வாசலில் காத்திருந்தாள். வெளுத்த சேலை கட்டி, தலை சீவியிருந்தாள். உள்ளே வெல்லம் காய்ச்சிய மணம் வந்தது. பிச்சைக்கும் சேர்த்துப் பாயசம் வைத்திருக்கிறாள்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

"பாக்கியத்துக்கு?"

"மூணு பேருக்கும் ஆச்சு."

சுப்பம்மாள் கண்ணை மூடி, நெற்றியில் கையை வைத்து எதையோ முணுமுணுத்தாள். அப்போதுதான் மூணு என்ற சொல் அவளுக்கு எட்டியது போலிருந்தது. கண்ணைத் திறந்து மகள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அது என்ன?"

மாயம்மாள் தாளை மகளிடம் நீட்டினாள். பாக்கியம்தான் தாளை வாங்கி, அம்மாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். திங்கட்கிழமை. பதினோரு மணி. ஆதாரம். உத்தரவு.

சுப்பம்மாள் முழுவதையும் கேட்டாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பேத்தியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நான் தனியாத்தான் உள்ள போகணுமா?"

"ஆமா அம்மாச்சி."

"பேரு கேப்பாங்க, இல்ல?"

"கேப்பாங்க."

"வெறும் சுப்பம்மாள்னா, எந்தச் சுப்பம்மாள்னு கேப்பாங்களே." அவள் மாயம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "கரி ஆபீஸ்ல கேட்டப்பவும், கப்பல்ல கேட்டப்பவும், ராக்கப்பன் சம்சாரம் சுப்பம்மாள்னுதான் சொல்லியிருக்கேன். எனக்கு அப்படித்தான் வரும். அங்க போய் அது வாய் தவறி வந்துட்டா உங்களுக்கெல்லாம் கெடுதல் ஆயிடும், இல்லையா?"

மாயம்மாள் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப எதைச் சொல்லி ஆரம்பிக்கிறது?" சுப்பம்மாள் அவள் தோளைத் தொட்டாள். "சொல்லிக் குடு மாயி. இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் திங்கட்கிழமைக்குள்ள வாய்க்குப் பழகும்."